முதுநிலை ஆய்வுரை (வேளாண், சுற்றுச்சூழல் பொறியியல்)

முதுநிலை ஆய்வுரை என்பது முதுநிலை, முனைவர் பட்ட மாணவர் தம் ஆய்வைப் பேராசிரியர்கள், சக மாணவர்கள் முன் எடுத்துரைத்துக் கேள்விகளுக்கு விடையளிக்கும் கல்வி நிகழ்வு. இந்திய வேளாண் பல்கலைக்கழகங்களில் இது மதிப்பெண்ணுக்குரிய பாடத்திட்டப் பகுதி. முன்னாய்வுகளைத் திரட்டும் உரை, ஆய்வுத் திட்ட உரை, முடிவுகளை முன்வைக்கும் உரை என இது பலவகைப்படும். வேளாண், சுற்றுச்சூழல் பொறியியலில் பாசனம், மண்ணரிப்பு, பண்ணை இயந்திரங்கள், அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்பம், உயிரி ஆற்றல், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆகியன இதன் களங்கள்.

அளவீட்டு முறையே இவ்வுரையின் உயிர். தெளிப்புநீர்ப் பாசன ஆய்வில், வயலில் கட்டம் கட்டமாக வைத்த டப்பாக்களில் சேரும் நீரை அளந்து, நீர் எவ்வளவு சீராகப் பரவுகிறது என்பதைக் காட்ட கிறிஸ்டியன்சன் என்பவர் 1942இல் வகுத்த சீர்மைக் குணகத்தைக் கணக்கிடுவர். எல்லா டப்பாவிலும் ஒரே அளவு நீர் இருந்தால் அது 100 விழுக்காடு. காற்றின் வேகம், குழாய் அழுத்தம், தெளிப்பான்களின் இடைவெளி ஆகியவற்றைச் சொல்லாமல் குணகத்தை மட்டும் காட்டினால் அந்த எண் பயன்படாது. அவையோரின் கேள்விகள் பெரும்பாலும் இங்கேதான் எழும், எழவும் வேண்டும்.

துறை அவைக்கு முன் நிகழும் இவ்வுரைக்கு மாறான வடிவமும் உண்டு: 2008இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் தொடங்கிய மூன்று நிமிட ஆய்வுரைப் போட்டி, ஒரே ஓர் அசையாப் படத்துடன் துறை சாராதவர்க்கும் ஆய்வை விளக்கும் வடிவத்தைப் பல நாடுகளில் பரப்பியது.