பச்சைமலை அடிவாரத்து வார்டுகள்

தாம்பரம் போகும் மின்சார ரயில் பல்லாவரத்தைத் தாண்டியதும் நிற்கும் இரண்டு நிலையங்களுக்குப் பழைய ஊர்ப்பெயர்கள் இல்லை. குரோம்பேட்டை என்ற பெயர், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே எழுந்த குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. அடுத்த நிலையமான தாம்பரம் சானடோரியத்துக்குப் பெயர் கொடுத்தது காசநோய் மருத்துவமனை. இரண்டு பெயர்களுக்கும் பின்னால் பாக்டீரியா இருக்கிறது. உரித்த தோலை அழுகச் செய்வது அதுதான். குரோமிய உப்பில் பதமான தோலை அதனால் எளிதில் தின்ன முடியாது. உயிருள்ள நுரையீரலை அப்படிப் பதனிட வழியில்லாததால், இரண்டாவது பெயரின் கதை நீளமானது.

க்ஷயம் என்றும் எலும்புருக்கி என்றும் அழைக்கப்பட்ட இந்த நோய் ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்துத் தாக்கியதால், அது பரம்பரையாக வருவது என்று உலகின் பல பகுதிகளிலும் நம்பினார்கள். 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோச் இதற்குக் காரணமான கிருமியைக் காட்டினார். அது மற்ற பாக்டீரியாக்களைப் போன்றதல்ல. குடலில் வாழும் சாதாரண பாக்டீரியா சாதகமான சூழலில் 20 நிமிடத்தில் இரண்டாகிவிடும். காசநோய்க் கிருமிக்கு ஏறக்குறைய 20 மணி நேரம் வேண்டும். ஆய்வகத்தில் அது கண்ணுக்குத் தெரியும் அளவு வளரப் பல வாரங்கள் ஆகும். அதைச் சுற்றி மெழுகு போன்ற உறை உண்டு. அந்த உறையால்தான் அமிலத்தில் கழுவினாலும் சாயம் போகாமல் நிற்கிறது. சளிப் பரிசோதனையில் அதை அடையாளம் காண்பதும் அப்படித்தான். நோயாளி இருமும்போது வெளியேறும் கிருமி, இருண்ட, காற்றோட்டமில்லாத அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். வெயில் பட்டால் சாகும். மூச்சோடு அதை உள்ளே இழுத்தவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. உடலின் காவல் அணுக்கள் அதைச் சுற்றி மதில் எழுப்பி அடைத்துவிடுகின்றன. உள்ளே அது பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும்.

கிருமியைக் கண்டுபிடித்த பிறகும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அதைக் கொல்லும் மருந்து கிடைக்கவில்லை. 1890-இல் கோச்சே அறிவித்த டியூபர்குலின் சிகிச்சை தோற்றது. பிற்காலத்தில் தொற்றைக் கண்டறியும் தோல் பரிசோதனைக்குத்தான் அது பயன்பட்டது. மிஞ்சியது சானடோரியம். சுத்தமான காற்று, ஓய்வு, நல்ல சாப்பாடு ஆகியவற்றைக் கொண்டு நடத்தும் இந்த முறை, கிருமி தெரியாத 1850-களிலேயே ஜெர்மனியில் தொடங்கிவிட்டது. இந்தியாவில் 1906-இல் அஜ்மீர் அருகே திலோனியாவிலும், 1915-இல் மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரத்திலும் கிறிஸ்தவ மிஷன்கள் சானடோரியங்களைத் திறந்தன.

தாம்பரத்துக்கு அதைக் கொண்டுவந்தவர் டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரன் சௌரி முத்து. இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் சானடோரியம் நடத்தியவர் அவர். 1914-இல் கணிதமேதை ராமானுஜன் இங்கிலாந்துக்குச் சென்ற கப்பலில் இவரும் பயணம் செய்தார். 1917-இல் ராமானுஜன் நோயுற்றபோது சிறிது காலம் இருந்ததும் இவருடைய சானடோரியத்தில்தான். 1920-இல் சேத்துப்பட்டில் இறந்த ராமானுஜனுக்கு வந்தது காசநோயே அல்ல, அமீபாவால் வந்த ஈரல் நோயாக இருக்கலாம் என்று பிற்கால மருத்துவர் ஒருவர் பழைய குறிப்புகளைக் கொண்டு வாதிட்டிருக்கிறார். அந்தக் காலத்தில் காசநோய் என்ற முடிவு எவ்வளவு எளிதாக எட்டப்பட்டது என்பதற்கு அந்த ஐயமே சான்று.

1928-இல் பச்சைமலை அடிவாரத்தில் சுமார் 250 ஏக்கர் நிலத்தில், 12 படுக்கைகளோடு சௌரி முத்துவின் தனியார் சானடோரியம் தொடங்கியது. நகரத்துக்கு வெளியே திறந்தவெளி. பக்கத்திலேயே ரயில் பாதை. 1931-இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலும் ஓடத் தொடங்கியது. 1937-இல் சென்னை மாகாண அரசு சானடோரியத்தை வாங்கிக்கொண்டது.

அந்தக் காலத்துச் சானடோரிய வாழ்க்கை எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் படுக்கை. தாழ்வாரத்தில் காற்றுப்படக் கட்டில், பாலும் முட்டையும், வேளை தவறாமல் காய்ச்சல் கணக்கு, மூடி போட்ட எச்சில் குவளை, அதில் சேர்ந்த சளியைக் கொளுத்துவது. இவற்றுக்கு மேல் போனால், விலா எலும்புகளுக்கிடையே ஊசி செலுத்திக் காற்றடைத்து நோயுற்ற நுரையீரலைச் சுருங்கச் செய்வார்கள். அதுவும் பலிக்காவிட்டால் விலா எலும்புகளையே வெட்டி நெஞ்சுச் சுவரை அமுக்குவார்கள். இவற்றில் எதுவும் கிருமியை நேரடியாகக் கொல்லவில்லை. சிலருக்கு உடல் தேறி, மதில் மீண்டும் எழுந்தது. மற்றபடி சானடோரியத்தால் பெரிய நன்மை நோயாளியின் வீட்டாருக்குத்தான் என்று சொல்லலாம்: இருமுபவர் அவர்களுடைய அறையில் இல்லை.

1943-இல் அமெரிக்காவில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. சாகக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். சில மாதங்களில் பலர் மறுபடி படுத்தார்கள். காரணம் எளிய கணக்கு. ஒரு மருந்துக்கு அசையாத கிருமி ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒன்று தானாகவே பிறக்கும். நுரையீரலில் விழுந்த ஒரு குழிக்குள் பத்துக் கோடிக் கிருமிகள் இருக்கலாம். ஒரே மருந்தைக் கொடுத்தால் மற்றவை செத்து, அந்த நூறு மட்டும் பெருகும். இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் இரண்டுக்கும் தப்பும் கிருமி லட்சம் கோடியில் ஒன்றுதான்; அது அந்தக் குழியில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பாஸ் என்ற பாரா அமினோ சாலிசிலிக் அமிலமும், 1952-இல் வந்த ஐசோனியாசிட் மாத்திரையும் கூட்டு மருந்தைச் சாத்தியமாக்கின.

மாத்திரை வந்தபின் படுக்கை எதற்கு என்ற கேள்வி எழுந்தது. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையத்தைத் தொடங்கின. பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் அதை வழிநடத்தினார். சென்னையின் நெரிசலான பகுதிகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகள் ஏறக்குறைய 190 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மறுபாதி வீட்டிலேயே இருந்தது. இரு சாராருக்கும் ஐசோனியாசிட், பாஸ் ஓராண்டு. வீட்டில் இருந்தவர்களுக்குச் சத்தான உணவு குறைவு, ஓய்வு குறைவு, இடமும் குறைவு. 1959-இல் வெளியான முடிவில், நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். அந்தச் சிறு வேறுபாட்டை விட முக்கியமானது பிறகு தெரியவந்தது: வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவில்லை. மருந்து தொடங்குவதற்கு முன்பே தொற்று பெரும்பாலும் நிகழ்ந்துவிட்டிருந்தது. மருந்து தொடங்கியபின் நோயாளியின் இருமல் ஆபத்தை வேகமாக இழந்தது.

காற்றும் ஓய்வும் நூறாண்டு பெற்றிருந்த மதிப்பை இந்த ஓர் ஆய்வு கரைத்தது. மேலைநாடுகளில் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1962-இல் தொடங்கிய இந்தியத் தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையையே அடிப்படையாகக் கொண்டது. உடல் தேறியதும் நோயாளிகள் மாத்திரையை நிறுத்திவிடுவதைக் கண்ட சேத்துப்பட்டு மையம், வாரத்துக்கு இருமுறை கண்ணெதிரே மருந்து விழுங்கவைக்கும் முறையையும் சோதித்தது. பிற்காலத்து டாட்ஸ் முறையின் வேர்களில் அது ஒன்று. தடுப்பூசியில் மட்டும் ஏமாற்றம்: 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பெரும் பிசிஜி ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று காட்டியது. குழந்தைகளுக்கு வரும் கடுமையான வகைகளிலிருந்து காப்பதற்காக இன்றும் அது போடப்படுகிறது.

தாம்பரம் மருத்துவமனை மூடப்படவில்லை. அதற்கு வேறு வேலை வந்து சேர்ந்தது. 1986-இல் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைச் சென்னையில் கண்டறிந்தார்கள். அந்த வைரஸ் அழிப்பது, காசநோய்க் கிருமியைச் சுற்றி மதில் எழுப்பும் அதே காவல் அணுக்களை. மதில் இடிந்ததும் பல ஆண்டு உறங்கிய கிருமி விழித்துக்கொண்டது. பிற இடங்களில் கதவடைக்கப்பட்ட நோயாளிகளைத் தாம்பரம் 1993 முதல் ஏற்றுக்கொண்டது. மருந்தில்லாத காலத்துப் பழைய நிலை வார்டுகளுக்குத் திரும்பியது: அடைக்கலம், உணவு, காத்திருப்பு. 2004 ஏப்ரல் 1 அன்று மைய அரசு இலவச எச்ஐவி கூட்டு மருந்தை முதலில் எட்டு மையங்களில் கொடுக்கத் தொடங்கியது. தாம்பரம் அவற்றில் ஒன்று. அந்த மருந்தும் வீட்டுக்கு எடுத்துச் சென்று சாப்பிடும் மாத்திரையாகவே வந்தது.