அறுபது கோடி முகவரிகள், ஒரே வீடு

அமெரிக்காவின் நட்டநடுவில் இருக்கிற மாநிலம் கன்சாஸ். அங்கே பாட்வின் என்று ஒரு குட்டி ஊர். தலையை எண்ணினால் ஐந்நூறு பேர்கூடத் தேற மாட்டார்கள். அந்த ஊரையும் விட்டு ஒதுங்கி, வயல்காட்டுக்கு நடுவே ஒரு பண்ணை வீடு. அக்கம்பக்கம் என்று சொல்ல யாரும் கிடையாது.

அந்த வீட்டுக்கு வந்த விருந்தாளிகளைப் பாருங்கள். ஒருநாள் எஃப்.பி.ஐ. வரும். இன்னொரு நாள் வருமான வரிக்காரர்கள். வீட்டை விட்டு ஓடிப்போன பிள்ளையைத் தேடி போலீஸ். தற்கொலை செய்துகொள்வதாகச் சொன்ன முன்னாள் ராணுவ வீரரைத் தேடி ஆம்புலன்ஸ். 'என் பணத்தைச் சுருட்டினவன் இங்கேதானே இருக்கிறான்?' என்று கோபத்தோடு வருகிறவர்கள் தனி. யாரோ ஒரு புண்ணியவான் உடைந்த டாய்லெட் ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டே போய்விட்டார்!

வீட்டுக்குச் சொந்தக்காரர் எண்பது வயதைத் தாண்டிய அம்மாள். 2011-ல் ஒரு குடும்பம் அங்கே வாடகைக்கு வந்தது. ஏன் இப்படி நடக்கிறது என்று யாருக்கும் புரியவில்லை. கடைசியில் அந்தப் பகுதி ஷெரீஃபே, 'உள்ளே போகாதீர்கள், கேள்வி இருந்தால் என்னைக் கேளுங்கள்' என்று வாசலில் போர்டு வைக்கவேண்டி வந்தது.

அப்படி என்னதான் தப்பு செய்தார்கள் அவர்கள்? ஒன்றுமே இல்லை. எல்லாம் ஐ.பி. அட்ரஸ் செய்த வேலை.

கொஞ்சம் பின்னால் போகலாம். இன்டர்நெட்டில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் என்ன மாதிரி எண் தரவேண்டும் என்கிற விதி 1981 செப்டம்பரில் எழுதப்பட்டது. அதைத் தொகுத்தவர் ஜான் போஸ்டல். மொத்தம் சுமார் 429 கோடி எண்கள். தகவல் போகவேண்டிய இயந்திரத்துக்குப் போய்ச் சேரவேண்டும், அவ்வளவுதான் அந்த எண்ணின் ஜோலி. ஊர், தெரு, கதவு எண் எதற்கும் அதில் இடமே கிடையாது.

லாட்ஜ் அறை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். எண்கள் கட்டுக்கட்டாக இன்டர்நெட் கம்பெனிகளுக்குப் போகும். கம்பெனி, வருகிறவருக்கு ஒன்றை எடுத்துக் கொடுக்கும். இன்றைக்குப் பன்னிரண்டாம் நம்பர் அறையில் நீங்கள். நாளைக்கு வேறு யாரோ. போன வாரம் யார் இருந்தார்கள் என்று அறைக் கதவைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா? ம்ஹூம். லாட்ஜ்காரரின் பதிவேட்டைத்தான் புரட்டவேண்டும்.

ஆனால் முகம் தெரியாதவர்களோடு பேச ஆரம்பித்த மனுஷனுக்கு ஆசை விடுமா? 1988-ல் பின்லாந்துக்காரர் யார்க்கோ ஒய்காரினன் ஐ.ஆர்.சி. என்ற அரட்டை அரங்கத்தை உருவாக்கினார். அங்கே புனைபெயர்தான். ஆனால் ஒரு சின்னக் கட்டளையைத் தட்டினால் எதிராளியின் இயந்திர முகவரி எட்டிப் பார்த்துவிடும். 1996-ல் இஸ்ரேலிலிருந்து ஐ.சி.க்யூ. வந்தது. அப்புறம் யாஹூ சாட். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து 'ஏ.எஸ்.எல். ப்ளீஸ்' என்று தட்டியவர்கள் உங்களிலேயே நிறையப் பேர் இருப்பீர்கள். வயது, ஆணா பெண்ணா, எந்த ஊர்? முதல் இரண்டுக்கு எதிராளி சொல்வதுதான் பதில். மூன்றாவதை மட்டும் ஐ.பி.யை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை பரவியது.

அந்த நம்பிக்கைக்குத் தீனி போடக் கம்பெனிகளும் வந்தன. அதில் ஒன்று, 2002-ல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸில் தொடங்கிய மேக்ஸ்மைண்ட். எந்த எண் எந்தப் பக்கம் என்று ஊகித்து ஒரு பட்டியல் போட்டது. விளம்பரக்காரர்களுக்கும், கிரெடிட் கார்டு மோசடியைப் பிடிப்பவர்களுக்கும் அது உபயோகமான சரக்கு.

சிக்கல் எங்கே வந்தது தெரியுமா? சில எண்களுக்கு 'அமெரிக்கா' என்பதைத் தவிர வேறு எதுவுமே தெரியவில்லை. சரி, நாட்டின் மையத்தில் ஒரு புள்ளி வைத்துவிடுவோம் என்று முடிவு செய்தார்கள். உண்மையான மையத்துக்கு ஏகப்பட்ட தசம எண்கள் வந்தன. எதற்கு வம்பு என்று 38 டிகிரி வடக்கு, 97 டிகிரி மேற்கு என்று முழுசாக்கிவிட்டார்கள். அந்தப் புள்ளி போய் விழுந்த இடம், பாட்வின் பண்ணை வீடு!

அறுபது கோடிக்கும் மேற்பட்ட ஐ.பி. அட்ரஸ்கள் அந்த வீட்டில் 'குடியிருந்தன'. 2016 ஏப்ரலில் காஷ்மீர் ஹில் என்ற அமெரிக்கப் பெண் பத்திரிகையாளர் துப்புத் துலக்கிய பிறகுதான் வீட்டுக்காரர்களுக்கே விஷயம் தெரிந்தது. வீட்டைக் காட்டுவதற்காக நாங்கள் பட்டியல் போடவில்லையே என்றது கம்பெனி. பிறகு புள்ளியை ஓர் ஏரியின் நடுவே தூக்கி வைத்தது. வாடகைக்கு இருந்த குடும்பம் அதே வருடம் கோர்ட்டுக்குப் போனது.

கேட்கச் சிரிப்பாக இருக்கிறதா? அப்படியென்றால் பெங்களூருக்கு வாருங்கள்.

2007 ஆகஸ்ட். சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் படம் ஒன்று ஆர்குட்டில் போடப்பட்டதாக வழக்கு. புனே போலீஸ் ஐ.பி. எண்ணைப் பிடித்தது. மேப்பைப் பார்க்கவில்லை, முறைப்படி இன்டர்நெட் கம்பெனியின் பதிவேட்டைத்தான் கேட்டது. வந்த பெயர் ஓர் இளம் சாஃப்ட்வேர் என்ஜினீயருடையது. பெங்களூர் போய்க் கைது செய்து கொண்டுபோனார்கள். பிறகு பார்த்தால், கம்பெனி கொடுத்த விவரமே தப்பு. நிஜமான ஆசாமிகள் வேறு. அதற்குள் அந்த இளைஞர் ஐம்பது நாள் சிறையில் இருந்துவிட்டார். லாட்ஜ் பதிவேட்டில் விரல் ஒரு வரி தள்ளிப்போனால் நடக்கிற விபரீதம் இது.

அதற்காக ஐ.பி. அட்ரஸ் பிரயோஜனமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். எண்ணோடு தேதி, மணி, நிமிஷம், வினாடி எல்லாம் சரியாக இருந்தால் அது பலமான தடயம். இந்திய நேரத்துக்கும் கிரீன்விச் நேரத்துக்கும் ஐந்தரை மணி வித்தியாசம் இருக்கிறதே, அதை மறந்தாலே ஆள் மாறிவிடும். போதாக்குறைக்கு, 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பிலிருந்த கடைசிக் கட்டு எண்களும் பட்டுவாடா ஆகிவிட்டன. மொபைல் கம்பெனிகள் இப்போது ஒரே எண்ணைப் பலருக்கும் ஒரே சமயத்தில் பங்கு போட்டுக் கொடுக்கின்றன. அதாவது, ஒரே அறையில் ஒரு கல்யாண கோஷ்டி!

இன்றைய சாட் பெரும்பாலும் கம்பெனி சர்வர் வழியாகத்தான் போகிறது. எதிராளியின் எண் உங்கள் கண்ணில் படுவதே அபூர்வம். தப்பித்தவறிக் கிடைத்தாலும், இணையத்தில் ஏதோ ஒரு மேப் காட்டும் சிவப்புப் புள்ளியை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். மிரட்டல் வந்ததா? செய்தியை அழிக்காமல், வந்த நேரத்தோடு பத்திரப்படுத்திப் போலீஸில் கொடுங்கள். பதிவேட்டைக் கேட்கும் அதிகாரம் அவர்களுக்குத்தான் உண்டு. அவர்களும் அதை இரண்டு தடவை சரிபார்க்கவேண்டும். பெங்களூர் இளைஞரின் ஐம்பது நாளை எந்தக் கம்பெனியாலும் திருப்பித் தர முடியாது.