தொப்பி வந்து சேர 98 வருடம்!

1970-களில் லண்டன் வெஸ்ட் ஹாம் கால்பந்து கிளப்பின் சின்ன அறை ஒன்றில் நீங்கள் எட்டிப் பார்த்திருந்தால், தலை நரைத்த ஒரு பெரியவரைக் கண்டிருப்பீர்கள். பூட்ஸ்களில் ஒட்டிய சேற்றைச் சுரண்டி, பளபளவென்று துடைத்து வைப்பது அவர் வேலை. உலகக் கோப்பையைத் தூக்கிய பாபி மூரின் பூட்ஸும் அதில் உண்டு.

பெரியவர் பெயர் ஜாக் லெஸ்லி. தன் பழைய கதையைத் தம்பட்டம் அடிக்கிற ஆள் இல்லை. நாம்தான் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

1901-ல் லண்டனின் கேனிங் டவுனில் பிறந்தவர். அப்பா ஜமைக்காக்காரர், அம்மா ஆங்கிலேயப் பெண்மணி. படித்த தொழில், பாய்லர் பட்டறை வேலை. ஆனால், காலில் பந்து ஒட்டிக்கொண்டது! 1921-ல் பிளிமத் ஆர்கைல் கிளப் அவரைக் கூட்டிக்கொண்டு போனது.

கால்பந்து வீரர் என்றதும் இன்றைய கோடிகளை நினைத்துவிடாதீர்கள். 1922-லிருந்து எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரராக இருந்தாலும் சீஸனில் வாரத்துக்கு 8 பவுண்டு, ஓய்வு மாதங்களில் 6 பவுண்டு... அதற்குமேல் சம்பளம் தரக் கூடாது என்று உச்சவரம்பே இருந்தது. பிளிமத்தின் ராசியோ இன்னும் மோசம். மூன்றாம் டிவிஷனில் முதலிடம் பிடிக்கும் அணிக்கு மட்டுமே மேலே போக வாய்ப்பு. பிளிமத் தொடர்ந்து ஆறு வருடம் இரண்டாமிடம்!

அந்தச் சின்ன கிளப்பில் ஆடியவரைத் தேடித்தான் 1925-ல் அந்தச் சேதி வந்தது. மேனேஜர் பாப் ஜாக் தன் அறைக்குக் கூப்பிட்டு, “உன்னை இங்கிலாந்து அணிக்கு எடுத்திருக்கிறார்கள்” என்றார். ஊரே கொண்டாடியது. சில நாள் கழித்து பேப்பரில் வந்த பட்டியலில்... லெஸ்லியின் பெயரைக் காணோம்!

காரணம் யாரும் சொல்லவில்லை. ஆனால், லெஸ்லிக்குப் புரிந்தது. வந்து பார்த்தவர்கள் தன் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தார்கள் என்று பிற்காலத்தில் சொன்னார்.

அக்டோபர் 24. பெல்ஃபாஸ்டில் அயர்லாந்துடன் மோதிய இங்கிலாந்து ஒரு கோல்கூடப் போடாமல் 0-0 என டிரா செய்தது. அதே நாளில் பிளிமத், போர்ன்மத் அணியை 7-2 என்று துவைத்தெடுத்தது. அதில் இரண்டு கோல் யாருடையது என்கிறீர்கள்? லெஸ்லியேதான்!

இந்தப் பக்கம் திரும்பக் கூப்பிடவே இல்லை. மனுஷன் சோர்ந்துவிடவில்லை. பிளிமத்துக்காகச் சுமார் 400 ஆட்டங்கள், 137 கோல்கள். அணிக்கு கேப்டனும் ஆனார். 1930-ல் கிளப் ஒருவழியாக இரண்டாம் டிவிஷனுக்கு ஏறியது. பிறகு கண்ணில் பட்ட காயம் ஆட்டத்தை முடித்துவைத்தது. மறுபடி லண்டன், மறுபடி பாய்லர் பட்டறை. வயதான காலத்தில்தான் வெஸ்ட் ஹாமில் அந்த பூட்ஸ் வேலை.

1978-ல் விவ் ஆண்டர்சன், இங்கிலாந்தின் சீனியர் அணிக்கு ஆடிய முதல் கறுப்பின வீரரானார். அப்போது லெஸ்லிக்கு வயது 77. பத்து வருடம் கழித்து, 1988-ல் அவர் காலமானார்.

இங்கிலாந்து அணிக்கு ஆடினால் ஒரு தொப்பி கொடுப்பது அங்கே வழக்கம். 2022-ல் ரசிகர்கள் காசு போட்டு பிளிமத்தின் ஹோம் பார்க் மைதானத்தில் லெஸ்லிக்குச் சிலை வைத்தார்கள். அதன் பிறகு, 2023 மார்ச்சில் இங்கிலாந்து கால்பந்து சங்கம் தவறை ஒப்புக்கொண்டு, அந்தத் தொப்பியை அவர் குடும்பத்தின் கையில் கொடுத்தது.

தொப்பி வந்துவிட்டது. போட்டுக்கொள்ள வேண்டிய தலைதான் இல்லை.