பதிவேட்டில் ஏறாத சண்டைகள்: அமெரிக்கப் பொதுப் பள்ளிகளில் சம்பவ அறிக்கைச் சட்டங்களின் வளர்ச்சி

முன்னுரை

பள்ளி வளாகத்தில் நடக்கும் அடிதடியையும் சொத்துச் சேதத்தையும் அரசுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டக் கடமை, அமெரிக்காவில் 1970-களுக்குப் பிறகு படிப்படியாக உருவானது. அங்கே பள்ளிக் கல்வி மாநிலங்களின் பொறுப்பு. ஆகவே இந்தச் சட்டங்களின் வரலாறும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. இக்கட்டுரை நியூ ஜெர்சியை மையமாக வைத்து, நியூயார்க், ஃபுளோரிடா அனுபவங்களை அதனுடன் ஒப்பிடுகிறது. யார் தெரிவிக்க வேண்டும் என்பதைச் சட்டங்கள் எளிதில் வரையறுத்துவிட்டன. ஆனால் உள்ளதை உள்ளபடி எழுதும் பள்ளிக்கு அதனால் என்ன நேர்கிறது என்பதே பதிவுகளின் நம்பகத்தைத் தீர்மானித்தது என்பது இதன் வாதம்.

மதிப்பீட்டிலிருந்து பதிவுக்கு

1975-இல் செனட்டர் பிர்ச் பே தலைமையிலான துணைக்குழு, பள்ளி வன்முறை பற்றிய அறிக்கை ஒன்றை வெளியிட்டது. நாடாளுமன்றத்தின் கட்டளைப்படி தேசியக் கல்வி நிறுவனம் நடத்திய ஆய்வு 1978-இல் வந்தது. அது மாதிரிக் கணக்கெடுப்பு. நாடு தழுவிய நிலையை ஓரளவு காட்டியதே தவிர, குறிப்பிட்ட ஒரு பள்ளியில் என்ன நடக்கிறது என்பதை அதைக் கொண்டு அறிய முடியாது.

அந்த இடைவெளியை நிரப்ப முன்வந்த மாநிலங்களுள் நியூ ஜெர்சி ஒன்று. 1982-இல் அது இயற்றிய பொதுப் பள்ளிப் பாதுகாப்புச் சட்டம், வன்முறை, சொத்துச் சேதம் பற்றி மாநிலக் கல்வி ஆணையர் ஆண்டுதோறும் சட்டமன்றக் கல்விக் குழுக்களுக்கு அறிக்கை தர வேண்டும் என்றது. அச்சட்டம் வகுத்த நடைமுறையில், வன்முறையை நேரில் கண்ட அல்லது சம்பந்தப்பட்டவர் வழியாக அறிந்த ஊழியர் யாராயினும் தலைமையாசிரியரிடம் அறிக்கை தர வேண்டும். எடுத்த நடவடிக்கையைத் தலைமையாசிரியர் மாவட்டக் கண்காணிப்பாளருக்குத் தெரிவிப்பார். கண்காணிப்பாளர் அதைக் கல்வி வாரியத்தின் முன் வைப்பார். அறிக்கை தந்த ஊழியரை அந்தக் காரணத்துக்காக வேலையைவிட்டு நீக்கவோ பாகுபடுத்தவோ கூடாது என்றும் சட்டம் தடை விதித்தது. தெரிந்தே பொய்க் கணக்குக் காட்டியதாகப் புகார் எழுந்தால் வாரியம் விசாரிக்க வேண்டும் என்ற விதி பின்னர் சேர்ந்தது. மேலிடத்துக்கு அஞ்சி ஊழியர் வாய் திறக்காமலிருக்கக்கூடும் என்பதைச் சட்டம் இயற்றியோர் எதிர்பார்த்தே இருந்தனர்.

எண்ணிக்கை முத்திரையானபோது

1999 ஏப்ரலில் கொலம்பைன் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பின், நியூயார்க் ஆளுநர் ஜார்ஜ் பட்டாக்கி 2000 ஜூலையில் பள்ளி வன்முறைக்கு எதிரான சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன் வழி வந்த பதிவு முறையில் சம்பவங்கள் 20 வகைகளாகப் பிரிக்கப்பட்டன. ஒரே கைகலப்பைச் சிறு சச்சரவு என்றும் எழுதலாம், காயம் விளைவித்த தாக்குதல் என்றும் எழுதலாம். வலி எவ்வளவு, காயம் எவ்வளவு என்று முடிவு செய்பவர் அந்தப் பள்ளியின் நிர்வாகியே.

அவர் எதைத் தேர்ந்தெடுத்தார் என்பது 2002 ஜனவரிக்குப் பிறகு பெரிய விஷயமாயிற்று. அம்மாதம் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிக் கல்விச் சட்டம், தொடர்ந்து ஆபத்தான பள்ளிகளை அடையாளம் காணுமாறும், அங்கே படிப்போர் வேறு பொதுப் பள்ளிக்கு மாற வாய்ப்பளிக்குமாறும் மாநிலங்களைப் பணித்தது. அளவுகோலை வகுக்கும் உரிமையை மாநிலங்களிடமே விட்டது. விளைவு, 2003-இல் நாடு முழுவதும் சுமார் 50 பள்ளிகளே பட்டியலில் இடம்பெற்றன. 44 மாநிலங்கள் ஒரு பள்ளியைக்கூடக் காட்டவில்லை. உண்மையாகக் கணக்குக் காட்டிய பள்ளி கெட்ட பெயர் வாங்கியது, மறைத்த பள்ளி நல்ல பெயருடன் நின்றது. நியூயார்க் மாநிலத் தணிக்கை அதிகாரி ஆலன் ஹெவெசியின் அலுவலகம் 2006-இல் உயர்நிலைப் பள்ளிகளின் ஆவணங்களைச் சோதித்தபோது, பள்ளியின் சொந்தக் கோப்பில் இருந்த சம்பவங்கள் பல மாநில அறிக்கையில் ஏறாதது தெரியவந்தது.

கணக்கிலிருந்து விசாரணைக்கு

2011 ஜனவரியில் நியூ ஜெர்சி திசை மாறியது. அம்மாதம் இயற்றப்பட்ட சட்டம் சீண்டல், மிரட்டல், துன்புறுத்தல் பற்றிய ஒவ்வொரு புகாருக்கும் காலக்கெடு விதித்தது: அன்றே வாய்மொழித் தகவல், 2 பள்ளி நாட்களுக்குள் எழுத்து அறிக்கை, 10 பள்ளி நாட்களுக்குள் விசாரணை முடிவு. இதைச் செயல்படுத்துவதற்காகப் பள்ளி பெறும் மதிப்பெண் அதன் இணையதள முகப்பில் இடம்பெற வேண்டும். இந்த வேலைக்கு நிதி எங்கே என்று உள்ளூர் நிர்வாகங்கள் கேட்டன. நிதியின்றிச் சுமத்தப்பட்ட கடமை இது என்று 2012-இல் உரிய மன்றம் தீர்ப்பளிக்க, அரசு 10 லட்சம் டாலர் ஒதுக்கியது.

முதல் ஆண்டில் உறுதியான சம்பவங்கள் 12,000-ஐத் தாண்டின. மறு ஆண்டில் 8,000-க்குக் கீழே வந்தன. ஒரே ஆண்டில் பிள்ளைகள் இவ்வளவு திருந்திவிட்டதாக இதைப் படிக்க இயலாது. வரையறையைப் பள்ளிகள் புரிந்துகொண்ட விதம் மாறியதும் இதில் அடங்கும். நியூயார்க்கும் இதே சிக்கலைக் கருதி, 2017-18 கல்வியாண்டில் தன் 20 வகைகளை 9 ஆகக் குறைத்தது.

ஃபுளோரிடா கண்டிப்பை நாடியது. 2018 பிப்ரவரி 14 அன்று பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்ட பின், பள்ளி மாவட்டங்கள் சம்பவங்களை முழுமையாகப் பதிவு செய்யவில்லை என்ற குற்றச்சாட்டு வலுத்தது. பதிவு விதிகளை மீறும் மாவட்டக் கண்காணிப்பாளரின் சம்பளத்தை நிறுத்திவைக்க 2019-இன் சட்டம் வழிசெய்தது.

முடிவுரை

இந்த வரலாற்றில் இரண்டு போக்குகள் தெரிகின்றன. ஒன்று, பதிவு செய்பவரைப் பாதுகாத்து, பதிவுக்குப் பின் விசாரணையையும் உதவியையும் கட்டாயமாக்குவது. மற்றொன்று, எண்ணிக்கையைக் கொண்டு பள்ளிக்குப் பெயர் சூட்டுவது. இரண்டாவது போக்கு ஓங்கிய காலத்தில்தான் பதிவேடுகள் மெலிந்தன. மறைத்தவரைத் தண்டிக்கும் ஃபுளோரிடா வழி இதை ஓரளவு ஈடுசெய்யலாம். ஆனால் உண்மையை எழுதியவரையும் அதே எண்ணிக்கை தண்டிக்கும் வரை அது பாதித் தீர்வுதான். அதிகம் பதிவு செய்த பள்ளியை முதலில் கண்டிக்காமல், அதற்கு ஆலோசகரையும் நிதியையும் முதலில் அனுப்பும் மாநிலமே நம்பத்தக்க கணக்கைப் பெறும்.