கோட்டுக்குள் ஒரு பூங்கா

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து செம்மேட்டை அடைந்தபோது, கடைத்தெருவில் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்த ஓவியர் ஒருவரைக் கண்டோம். எழுத்துக்களின் புறக்கோட்டை மட்டும் தீட்டி, உள்ளே வண்ணம் நிரப்பாது விட்டிருந்தார். வேலை முடியவில்லையோ என வினவினோம். "தலைப்புக்கு இதுதான் அழகு" என்றார். அச்சகத்தார் அவுட்லைன் எழுத்து என்று குறிப்பிடுவதும் இதனையே.

இவ்வழகை நம் முன்னோர் நன்கறிவர். ஈரானிலும் இந்தியாவிலும் வளர்ந்த 'குல்ஸார்' என்னும் எழுத்தணிக்குப் பூந்தோட்டம் என்பது பொருள். பெரும்பாலும் நஸ்தலீக் வடிவில் சொல்லின் புறக்கோட்டை வரைந்து, அதன் வயிற்றுக்குள் கொடிகளையும் மலர்களையும் நிரப்புவர். சிலர் பறவைகளையும் மனித முகங்களையும்கூட வரைந்தனர். தொலைவிலிருந்து நோக்கினால் சொல். அருகே சென்றால் தோட்டம். படிப்பதற்கன்று, பார்ப்பதற்கென்றே எழுதப்பட்டவை இவை.

இதனை ஈய அச்சில் வார்ப்பது எளிதன்று. அரபு எழுத்துக்கள் ஒன்றோடொன்று கைகோர்ப்பவை. தனித்தனி அச்சாக வார்த்தால் ஒவ்வொன்றின் கோடும் தன்னளவில் மூடிக்கொண்டு, சொல்லின் நடுவே சுவர் எழுப்பிவிடும். தமிழுக்கு அத்தொல்லை இல்லை; நம் எழுத்துக்கள் தனித்து நிற்பவை. ஆயினும் கி, கீ, கு, கூ எனத் தனித்தனி அச்சுக்கள் வேண்டும். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சான நாள்முதல் தமிழ் அச்சுக்கோப்போர் சுமந்த பாரம் இது. 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை போன்றவற்றின் பழைய வடிவங்களை நீக்கியதால் அது சற்றே குறைந்தது. தலைப்புக்கென இன்னொரு அணி எழுத்துத் தொகுதி வார்ப்பதெனில் செலவைச் சொல்லவும் வேண்டுமோ!

அரபு எழுத்தின் இடர்ப்பாட்டைத் தீர்த்தது கல்லச்சு. 1790களின் பிற்பகுதியில் செனஃபெல்டர் ஜெர்மனியில் கண்ட இம்முறையில் எழுத்தை வார்க்கவே வேண்டியதில்லை. கொழுப்பு மையால் எழுதியதைக் கல் அப்படியே தாளுக்குத் தரும். காதிபின் கை அச்சேறும். 1820களில் இக்கலை இந்தியா வந்தது. 1835இல் மெட்காஃப் பத்திரிகைக் கட்டுப்பாடுகளைத் தளர்த்திய பின்னர் இந்தியரின் அச்சகங்கள் பெருகின. தமிழ் ஒலிகளுக்கெனக் குறிகள் சேர்க்கப்பெற்ற அரபுத் தமிழுக்கு இதைவிட வாய்ப்பான கருவி வேறில்லை. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் இம்மொழியில் நூல் யாத்த நூற்றாண்டும் அதுவே.

அந்நூல்களின் உரையைப் பற்றி நம்மவர் ஓரளவேனும் எழுதியுள்ளனர். முகப்புப் பக்கங்களையோ எவரும் பொருட்படுத்துவதில்லை. பழந்தாள் ஒடிகிறபோது முதலில் உதிர்வது முகப்பே. எஞ்சியதைப் படியெடுப்போரும் பெரும்பாலும் உரையையே படியெடுக்கின்றனர்.

கணினியில் இருக்கும்போது ஏன் கவலை என்பார் உளர். அரபுச் சொல்லொன்றைத் தட்டச்சு செய்து புறக்கோடு மட்டும் வருமாறு பணித்துப் பாருங்கள். பல மென்பொருள்களில் எழுத்தும் எழுத்தும் தழுவும் இடங்களிலெல்லாம் குறுக்குக் கோடு விழும். ஈய அச்சுக்கு நேர்ந்த அதே இடர். வடிவமைப்பாளர் அவற்றை ஒவ்வொன்றாக அழிக்க வேண்டும். குல்ஸார் எழுதிய கை அக்கோட்டை வரைந்ததே இல்லை.