சம்பளம் வாங்காத பல்கலைக் கழகம்

என் இளமையில் கல்லூரிக்குக் கட்ட வேண்டிய பணத்தைக் 'கட்டணம்' என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை. 'சம்பளம்' என்றே சொல்வோம். உழைப்பவன் பெறுவதும் சம்பளம், படிப்பவன் கொடுப்பதும் சம்பளம். தவணை தவறியவர்களின் பெயர்களைக் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். அந்தப் பட்டியலில் என் பெயர் இரண்டு முறை இடம் பெற்றதுண்டு. அதனால்தானோ என்னவோ, ஒரு நாட்டின் கல்வி வரலாற்றைப் படிக்கும்போது, பணம் கொடுத்தவர் யார் என்ற கேள்வியே என் மனத்தில் முதலில் எழுகின்றது. இன்று ஆஸ்திரேலியாவைப் பற்றி அந்தக் கேள்வியை எழுப்ப விரும்புகின்றேன்.

அங்குள்ள பல்கலைக் கழகங்களுள் மூத்தது சிட்னி. 1850-ஆம் ஆண்டில் அதற்குச் சட்டம் இயற்றினார்கள். ஆண்டுதோறும் 5,000 பவுன் அரசாங்க மானியம் என்றும் அச்சட்டம் வகுத்தது. ஏழை மகனும் நாட்டின் உயர் பதவியை எட்ட அது வழி திறக்கும் என்று அதற்காகப் பாடுபட்ட வென்ட்வொர்த் வாதாடினார். ஆனால், 1852 அக்டோபரில் அது தொடங்கியபோது வந்து சேர்ந்த மாணவர் 24 பேர், பேராசிரியர்கள் மூவர். கிரேக்கமும் லத்தீனும் கட்டாயப் பாடங்கள். இம்மொழிகளை முன்னமே பயின்று வர வசதி பெற்றவன் ஏழை மகனாக இருப்பது அரிது. வாயிலைத் திறந்து வைத்துவிட்டுப் படிகளை உயர்த்திக் கட்டியது போன்றது அது. 1855-ஆம் ஆண்டில் மெல்போர்ன் பல்கலைக் கழகம் 16 மாணவர்களுடன் பாடம் தொடங்கியது. அங்கும் நிலைமை பெரிதும் வேறன்று.

இனி மேற்குக் கரைக்குச் செல்வோம். சில ஆண்டுகளுக்கு முன் பெர்த் நகரில் என் மகள் இல்லத்தில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக் கழகத்தைக் காண என் பேத்தி அழைத்துச் சென்றாள். ஆற்றங்கரையில் மணிக்கூண்டும் கற்கட்டடங்களுமாக அது கம்பீரமாய் நிற்கின்றது. நான் காண விரும்பியதோ, விளையாட்டுத் திடலின் ஓரத்திலுள்ள ஒரு பழைய மரக் கட்டடத்தை. 1913-ஆம் ஆண்டில் நகரின் நடுவே இர்வின் தெருவில், பலகைச் சுவரும் தகரக் கூரையுமான சில கட்டடங்களில் அப்பல்கலைக் கழகம் வகுப்புகளைத் தொடங்கியது. அவற்றில் ஒன்றைப் பிற்காலத்தில் பெயர்த்தெடுத்து வந்து இங்கே நிறுத்தியிருக்கின்றார்கள்.

அந்தத் தகரக் கொட்டகையில் ஒரு புதுமை நிகழ்ந்தது. அங்கே சம்பளம் கிடையாது! பொன் சுரங்கத்தால் செழித்திருந்த அம்மாநிலத்தில், சுரங்கத் தொழிலாளியின் மகனும் மகளும் ஒரு காசு கொடாமல் பட்டப் படிப்புப் பாடம் கேட்கலாம். இதற்கு முன்னின்று உழைத்தவர் வின்த்ராப் ஹாக்கெட் என்பவர். அயர்லாந்தில் பிறந்து, பெர்த்தில் பத்திரிகை நடத்தியவர். பல்கலைக் கழகத்தின் முதல் வேந்தரும் அவரே. 1916-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவருடைய உயிலின்படி 1926-இல் பல்கலைக் கழகத்திற்குக் கிடைத்த தொகை 4,25,000 பவுன். இன்று நாம் காணும் மணிக்கூண்டு அச்செல்வத்தில் எழுந்ததே.

சம்பளம் இல்லை என்றதும் எல்லோரும் படித்துவிட்டார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். பெர்த்திலிருந்து நூற்றுக்கணக்கான மைல் தொலைவிலுள்ள சுரங்க ஊரான கால்கூர்லியிலிருந்து வருபவன் எங்கே உண்பான், எங்கே உறங்குவான்? அதற்கு எந்தச் சட்டமும் விடை கூறவில்லை. ஆயினும், இரண்டாம் உலகப் போருக்குப் பின்பும் நீடித்த அந்த ஏற்பாட்டின் நிழலில் படித்து வந்தவர்களுள் ராபர்ட் ஹாக் என்ற இளைஞரும் ஒருவர். அவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் மீண்டும் வருவார்.

மற்ற மாநிலங்களில் சம்பளம் இருந்தது. 1951-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் காமன்வெல்த் உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கித் தகுதியுள்ள மாணவர்களின் சம்பளத்தைத் தானே செலுத்தியது. ஆசிரியத் தொழிலுக்கு வருவதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துப் படித்தவர்களும் பலர். அதே காலத்தில்தான் கொழும்புத் திட்டத்தின் கீழ் இலங்கை, இந்தியா, மலேயா முதலிய நாடுகளின் மாணவர்களும் ஆஸ்திரேலிய அரசின் செலவில் அங்கே சென்று பயின்றார்கள். சொந்தப் பணத்தில் சென்றோரின் தொகை அவர்களைவிட மிகுதி. 1990 முதல், புதிதாகச் சேரும் அயல்நாட்டு மாணவர் தம் படிப்பின் முழுச் செலவையும் தாமே ஏற்க வேண்டியதாயிற்று. உதவி என்று தொடங்கியது வாணிகமாயிற்று என்பது என் கருத்து.

1972 டிசம்பரில் விட்லம் பிரதமரானார். 1974 ஜனவரி முதல் நாளன்று நாடெங்கும் பல்கலைக் கழகச் சம்பளம் ஒழிந்தது. இளமையில் படிப்பை இழந்த தாய்மார்கள் பலர் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தாமும் கல்லூரிக்குச் சென்ற காலம் அது. ஆனால், ஏழைக் குடும்பத்து மாணவரின் பங்கு எதிர்பார்த்த அளவு உயரவில்லை என்று பொருளியலறிஞர்கள் பின்னர் சுட்டிக்காட்டினார்கள். தொழிலாளி செலுத்தும் வரியில் வழக்கறிஞரின் மகன் படிப்பது நியாயமா என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதே. அதற்குக் கண்ட விடைதான் விவாதத்திற்குரியது.

1989-ஆம் ஆண்டில் 'ஹெக்ஸ்' என்னும் திட்டம் வந்தது. எந்தப் பாடமானாலும் ஆண்டுக்கு 1,800 டாலர். படிப்புக்கு ஆகும் செலவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. கையில் பணமில்லாதவன் அதைக் கடனாக வைத்துக்கொள்ளலாம். வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிய பிறகே வரியோடு சேர்த்துப் பிடிப்பார்கள். கடனுக்கு வட்டி இல்லை. விலைவாசி ஏற்றத்திற்கு ஈடாக மட்டும் ஆண்டுதோறும் தொகை ஏறும். வேலை கிடைக்காதவனை எவரும் வாசலில் வந்து கேட்பதில்லை. வட்டிக் கடைக்காரனை அறிந்த நமக்கு இது வியப்பாகவே தோன்றும். இதை வகுப்பதில் பெரும் பங்கு கொண்டவர் புரூஸ் சாப்மன் என்ற பொருளியலறிஞர். இங்கிலாந்து உட்படப் பிற நாடுகளும் இம்முறையைப் பின்னர் மேற்கொண்டன. அன்று பிரதமராக இருந்தவர் யார்? பெர்த்தில் சம்பளமின்றிப் பயின்ற அந்த ராபர்ட் ஹாக்! அவரைக் குறை கூற நான் இதைச் சொல்லவில்லை. இலவசக் கல்வி யாரை எட்டியது, யாரை எட்டவில்லை என்பதைக் கண்ணாரக் கண்டவர் அவர்.

சிறிய தொகை சிறியதாகவே இருப்பதில்லை. 1997-இல் பாடத்திற்குத் தக்கபடி மூன்று படிநிலைகளாகப் பிரித்தார்கள். 2021-இல் வந்த மாற்றமோ மிகக் கடுமையானது. நாட்டிற்கு உடனடியாகத் தேவையான தொழில்களுக்கு மாணவரைத் திருப்ப வேண்டும் என்று, செவிலியர் படிப்புக்கும் ஆசிரியர் படிப்புக்கும் ஆண்டுக்கு 3,950 டாலராகக் குறைத்தார்கள். மருத்துவத்திற்கு 11,300. வரலாற்றுக்கு 14,500! மருத்துவம் படிப்பவனைவிட வரலாறு படிப்பவன் மிகுதியாகக் கொடுக்க வேண்டும். ஆயுள் முழுதும் வரலாறு கற்பித்தவன் நான். இந்த எண்களைப் படித்த அன்று நெடுநேரம் பேசாதிருந்தேன்.

அந்த ஆண்டில்தான் என் பேத்தி வரலாற்றுப் பாடத்தை எடுத்துக்கொண்டு சேர்ந்தாள். "தாத்தா, எல்லோரும் வேண்டாம் என்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் சொல்லப் போகிறீர்களா?" என்று தொலைபேசியில் கேட்டாள். நான் என்ன சொல்வேன்? "கடன் எவ்வளவு ஆகும் அம்மா?" என்றுதான் கேட்க முடிந்தது.

2023 ஜூன் முதல் நாளன்று விலைவாசியை ஒட்டிக் கல்விக் கடன்கள் நூற்றுக்கு 7.1 வீதம் ஏறின. வட்டி இல்லாத கடன் ஒரே நாளில் அத்தனை ஏறுமா என்று இளைஞர்கள் கொதித்தெழுந்தார்கள். ஊதிய உயர்வைவிட மிகுதியாகக் கடன் ஏறலாகாது என்று 2024-இல் சட்டத்தைத் திருத்தி, முன் ஏறியதையும் குறைத்தார்கள். 2025-இல் நிலுவைக் கடனில் ஐந்தில் ஒரு பங்கைத் தள்ளுபடி செய்யும் சட்டமும் நிறைவேறியது. ஆனால், 2021-இல் வகுத்த கட்டண வரிசையை நீக்க வேண்டும் என்று 2024-இல் ஒரு கல்விக் குழு பரிந்துரைத்திருந்தும், அந்தத் தள்ளுபடிச் சட்டம் அவ்வரிசையைத் தொடவில்லை.

பேத்தி இப்பொழுது ஒரு பள்ளியில் வரலாறு கற்பிக்கின்றாள். முதல் மாதச் சீட்டைப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். சம்பளத்தொகைக்குக் கீழே, பிடித்தங்களின் வரிசையில் வருமான வரிக்கு ஒரு தொகை. அதில் அவள் கல்லூரிச் சம்பளத்தின் முதல் தவணையும் அடங்கும் என்று குறிப்பு எழுதியிருந்தாள்.