தூரத்துக்குக் காசு கேட்காத தபால்

சென்னையிலிருந்து புத்தகம் வரவழைக்கும் நம் எல்லோருக்கும் ஒரு கணக்கு மனப்பாடம்: பின்னட்டை விலையோடு தபால் செலவையும் கூட்டினால்தான் புத்தகத்தின் உண்மையான விலை வரும். பல சமயம் இரண்டாவது தொகைதான் பெரிசு. இந்தக் கணக்கை ஒரு நாடு எப்படி மாற்றி எழுதியது என்று பார்க்க அமெரிக்காவுக்குப் போக வேண்டும்.

அங்கே 1792ஆம் ஆண்டுச் சட்டப்படி, 450 மைலைத் தாண்டும் ஒற்றைத் தாள் கடிதத்துக்கு 25 சென்ட். செய்தித்தாள் எவ்வளவு தூரம் போனாலும் ஒன்றரை சென்ட்தான். செய்தி பரவாமல் குடியரசு நிலைக்காது என்பது அவர்களுடைய நியாயம். ஆனால் புத்தகத்துக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. 1851இல்தான் சட்டம் அதைத் தபாலில் முறையாக அனுமதித்தது.

1885இல் பத்திரிகைகளுக்கான கட்டணம் ஒரு பவுண்டுக்கு 1 சென்டாக இறங்கியது. பதிப்பாளர்கள் சும்மா இருப்பார்களா? நாவலுக்கு இதழ் எண்ணும் தேதியும் போட்டு, வார இதழ் மாதிரி அனுப்பினார்கள். தபால் துறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் கதவை மூடியது. 1914 முதல் புத்தகம் பார்சல் வகைக்குள் போனது. பார்சல் கட்டணமோ தூரத்தைப் பொறுத்தது. பெரிய பதிப்பகங்கள் பலவும் நியூயார்க்கில் இருந்ததால், பக்கத்தில் புத்தகக் கடையே இல்லாத மேற்குப் பகுதி வாசகர்தான் அதிகம் செலவழித்தார்.

1938 அக்டோபர் 31 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் பிரகடனம் வெளியிட்டார்: புத்தகம் எங்கே போனாலும் பவுண்டுக்கு ஒன்றரை சென்ட். எடை மட்டுமே கணக்கு, தூரம் இல்லை. 1942இல் அமெரிக்கக் காங்கிரஸ் இதைச் சட்டமாக்கி, கட்டணத்தை 3 சென்டாக்கியது. பிறகு இசைத்தட்டும் திரைப்படச் சுருளும் சேர்ந்துகொண்டன. இன்று அதன் பெயர் ‘மீடியா மெயில்’.

சலுகைக்கு நிபந்தனைகளும் உண்டு. மெதுவாகத்தான் போய்ச் சேரும். கட்டைத் திறந்து சோதிக்கத் தபால் துறைக்கு உரிமை இருக்கிறது. விளம்பரம் அச்சான காமிக்ஸ் இதில் போக முடியாது. எது புத்தகம், எது பத்திரிகை, எது வியாபாரம் என்ற வாக்குவாதம் தபால் கவுண்டரில் இன்னும் ஓயவில்லை.

ஒரு பொறியாளனாக எனக்கு இதில் பிடித்தது அந்த எளிய வடிவமைப்பு. கணக்கிலிருந்து ஒரே ஒரு மாறியை, தூரத்தை, எடுத்துவிட்டார்கள். ஆனால் தூரத்தின் செலவு எங்கும் மறைந்துவிடவில்லை. பதிப்பகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறவரும் அதில் கொஞ்சம் சுமக்கிறார். தூரத்து வாசகருக்காக அருகில் இருப்பவர் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்கலாம். பதிப்பகங்களுக்கு ஒரு கடல் தள்ளி வாழும் நமக்கு அதன் பதில் தெரியும்.